வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வேரில் பருப்பவை. உருளைக்கிழங்கோ மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்து உண்டாவது. நாம் 'கண்' என்று சொல்லும் குழிகள் அந்தத் தண்டின் மொட்டுகளே. இதை அறியாமல் மற்ற கிழங்குகளைப் போலவே உருளையையும் நடுவதால்தான் வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் செடி செழிக்கிறது, கிழங்கு பிடிப்பதில்லை.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் வழக்கம் இதற்கு உதவாது. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் நீடித்தால், இலைகள் தயாரிக்கும் உணவு கிழங்குக்கு இறங்காமல் தழை வளர்ச்சிக்கே போய்விடும். நட்டு ஏறத்தாழ ஒரு மாதத்தில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும் என்பதால், அந்த நாட்கள் மார்கழி, தை மாதக் குளிரில் அமையும்படி, கனமழை ஓய்ந்த கார்த்திகையில் நடுவதே சமவெளிக்கு ஏற்றது. வெப்பத்தை ஓரளவு தாங்கும் குப்ரி சூர்யா என்னும் உருளை ரகம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். கடலோர நகரங்களில் இரவுக் குளிர் போதாது. அங்கே சிறு கிழங்குகளையே எதிர்பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கிய கிழங்கை உடனே நடுவது அடுத்த தவறு. அறுவடையான கிழங்கு பல வாரங்கள் உறங்கும். முளைக்காதிருக்க மருந்திட்டுச் சேமித்த கிழங்காக இருந்தால் மண்ணிலேயே அழுகிப்போகவும் கூடும். இருட்டுக் கூடையில் நீண்டு வெளுத்த முளை தொட்டாலே ஒடிந்துவிடும். வெயில் படாத வெளிச்சத்தில் பரப்பி வைத்தால் குட்டையான, உறுதியான முளை வரும். முட்டையளவுக் கிழங்கை முழுதாக நடுவதே நல்லது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், துண்டுக்கு இரண்டு கண்களாவது விட்டு, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வைக்க வேண்டும். ஊட்டியிலிருந்து மண் ஒட்டிய கிழங்கை விதைக்கென்று கொண்டுவர வேண்டாம். நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்ட, வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு, அந்த மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக் கூடியது.

எல்லாவற்றையும்விட அதிகம் அலட்சியம் செய்யப்படுவது மண் அணைப்பு. புதிய கிழங்குகள் விதைக்கிழங்குக்கு மேலே, தண்டை ஒட்டி உண்டாவதால், செடி வளர்க்கும் பையை முதலிலேயே விளிம்புவரை நிரப்பிவிட்டால் பின்னர் அணைக்க இடமிருக்காது. பாதியளவு மண்ணில் நட்டு, செடி ஒரு சாண் உயர்ந்ததும் மேல் இலைகள் மட்டும் தெரியும்படி மண் சேர்த்து, இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் ஒருமுறை அணைக்க வேண்டும். போன தை மாதம் ஒரு பையின் மேல்மண்ணை விலக்கியபோது, வெயில் பட்ட கிழங்கின் ஒரு பக்கம் மாங்காய்த் தோல் போல் பச்சையாகவும் மறுபக்கம் வெளிர் மஞ்சளாகவும் இருந்தது. பச்சையான கிழங்கில் சோலனின் என்னும் நஞ்சு கூடியிருக்கும். வேகவைத்தாலும் அது போகாது.

பச்சைச் சாணம் இட்டால் சொறி நோய் வரலாம். மக்கிய எரு போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ந்த மண்ணை மீண்டும் பயன்படுத்தினால், ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால், பாக்டீரியா வாடல் நோய் தொடரக்கூடும். ஈரம் இருந்தும் செடி திடீரென வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள்; வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அந்த நோயேதான். அச்செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட வேண்டும்.

இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் பொறுத்துத் தோண்ட வேண்டும். கட்டைவிரலால் தேய்த்துத் தோல் உரிந்தால் இன்னும் சில நாள் மண்ணிலேயே விட்டுவிடுங்கள். உரியாத கிழங்கைக் கழுவாமல், காற்றோட்டமுள்ள இருட்டில் பரப்பி வையுங்கள்.