வீட்டுக்குள் எட்டுக்கால் பூச்சி சேராமல் இருக்க: வேப்பெண்ணெயைக் கலக்க வேண்டிய முறை

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது. தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் கட்டடம். மேலே வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். கட்டைக்குக் கட்டை இருக்கும் இருட்டுப் பள்ளம்தான் எட்டுக்கால் பூச்சிக்குப் பிடித்த இடம். கடல் காற்றோடு, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிப் புழுதியும் வந்து ஒட்டுவதால், இன்று கட்டிய வலை ஒரே வாரத்தில் கறுப்பு ஒட்டடையாகத் தொங்கும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அதனால் பூச்சி மருந்து அடிக்க முடியாது, சாம்பிராணிப் புகையும் போட முடியாது. வீட்டு வைத்தியமாகச் சொல்வதையெல்லாம் ஒரு வருஷம் செய்து பார்த்தேன். பலன் தந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒட்டடை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் நார் வைத்த ஒட்டடைக் குச்சி எனக்குப் பிடிக்காது. அது வலையைப் பிய்த்துவிட்டு முட்டையைச் சுவரிலேயே விட்டுவிடும். நீளமான மூங்கில் கழியின் நுனியில் பழைய காட்டன் பனியனைச் சுற்றிக் கட்டி, தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு உருட்டி உருட்டி எடுங்கள். புழுதியும் பறக்காது. மூலையில் பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருந்தால் அதுதான் முட்டைப் பை. அதை விட்டுவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். தொட்டதும் கிடுகிடுவென்று ஆடுமே, ஒல்லியான நீளக்கால் பூச்சி, அது முட்டைகளை வாயிலேயே கவ்விக்கொண்டு திரியும். அதனால் பூச்சியோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள்.

அடுத்தது வேப்பெண்ணெய்க் கலவை. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் தடவை பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, மேலே வேப்பெண்ணெயை ஊற்றிக் குலுக்கி அடித்தேன். எண்ணெய் மேலே மிதக்க, குழாய் அடியிலிருந்து வெறும் தண்ணீரை இழுத்திருக்கிறது. முக்கால் வீடு வெறும் தண்ணீரிலேயே நனைந்தது. கடைசியில் பூஜை அலமாரிக்கு மேலே அடித்தபோது மொத்த எண்ணெயும் வந்து, சுண்ணாம்புச் சுவரில் முறம் அளவுக்குக் கறை. இன்னும் போகவில்லை.

வரிசையை மாற்றுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு டீஸ்பூன் (10 மில்லி) வேப்பெண்ணெய். அதில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. தண்ணீர் சேர்க்காமல் இரண்டையும் குழையக் கலக்குங்கள். மஞ்சளும் பழுப்புமாகத் தனித்தனியாகத் தெரிவது போய், ஒரே நிறக் குழம்பாக வரவேண்டும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு கரண்டி விட்டுக் கலக்குங்கள், இன்னொரு கரண்டி, இன்னொன்று. மோர் மாதிரி வெளுத்துவிட்டால் சரியாகச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு ஒரு லிட்டர் வரைக்கும் தண்ணீர் சேர்க்கலாம். மேலே எண்ணெய்ப் பொட்டு மிதந்தால் இன்னும் கொஞ்சம் சோப்பு. கலந்த அன்றே தீர்த்துவிடுங்கள், எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும். பாட்டிலுக்கு சலூனில் தண்ணீர் தெளிக்கிற மாதிரியானதே போதும். வேலை முடிந்ததும் சுடுதண்ணீர் விட்டு இரண்டு முறை பீய்ச்சுங்கள், இல்லையென்றால் வாய் அடைத்துக்கொள்ளும்.

இதைச் சுவர் முழுக்க அடிக்கத் தேவையில்லை. ஜன்னல் சட்டம், கதவு நிலையின் இடுக்கு, மின்கம்பி நுழைகிற ஓட்டை, ஏசி குழாய் வருகிற இடம், பரண் விளிம்பு, இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடிக்கிறேன். வாடை அரை நாள் இருக்கும், அதுவரை அம்மா மாடியில் இருப்பார்.

புதினா எண்ணெயும் நல்லதுதான். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், புதினா எண்ணெய் வாடை பட்ட பக்கத்தைச் சில வகைச் சிலந்திகள் தவிர்த்தன. எல்லா வகையும் அல்ல. எல்லோரும் சொல்கிற எலுமிச்சை எண்ணெய்க்கு அதில் பலனே இல்லை. எலுமிச்சைத் தோலை ஒரு மாதம் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன், எறும்புதான் வந்தது. கந்தகோட்டம் பக்கம், ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கும்போது 'எண்ணெய்' என்று அழுத்திக் கேளுங்கள். புதினா உப்பு என்று கண்ணாடித் தூள் மாதிரி ஒன்று உண்டு, அது வேறு, கண் எரியும்.

இத்தனையும் செய்து, வாசலில் வெள்ளை டியூப்லைட்டை எரியவிட்டால் பிரயோஜனமில்லை. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி எட்டுக்கால் பூச்சி வரும். நான் மஞ்சள் பல்புக்கு மாறினேன். எங்கள் வீட்டில் பாதிக்கு மேல் குறைந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். இன்னொன்று: ராத்திரி படுத்து, காலையில் உடம்பில் கோடு போட்ட மாதிரி கொப்புளம் இருந்தால் உடனே எட்டுக்கால் பூச்சியின் எச்சில் என்பார்கள். பல நேரம் அது வெளிச்சத்துக்கு வருகிற ஒரு சின்னக் கறுப்பு, ஆரஞ்சு வண்டு நசுங்கியதால் வருவது. விளக்கை மாற்றினால் அதுவும் குறையும்.

குளியலறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வரும், வலை கட்டாது. அதை அடிக்காதீர்கள், கரப்பானைத் தின்கிற பூச்சி அது. டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: எண்ணூரிலிருந்து ஒரு வாசகி, வீட்டில் பூனை இருக்கிறது, புதினா எண்ணெய் தெளிக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். பூனைக்கு அது விஷம். அந்துருண்டையும் கூடாது, குழந்தை இருக்கிற வீட்டிலும் அப்படியே.

பின்சேர்க்கை 2: வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர், சோப்பு கலந்தும் டிஸ்டெம்பர் சுவரில் லேசாகக் கறை விழுந்ததாக எழுதியிருக்கிறார். டிஸ்டெம்பர் எண்ணெயைக் குடிக்கும், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் தெளிக்கவே வேண்டாம். கலவையில் துணியை முக்கிப் பிழிந்து, மரச் சட்டத்தையும் ஜன்னல் கம்பியையும் மட்டும் துடையுங்கள். சுவர் மூலைக்கு ஈரப் பனியன் போதும், வாரம் ஒரு முறை.