கச்சேரி பதிவுக்கு அதிகச் செலவில்லாத ஸ்டீரியோ மைக்

வீட்டுக் கச்சேரியைப் பதிவு செய்யச் சிறிய ஸ்டீரியோ மைக் வாங்கிக் கைப்பேசியில் செருகலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். கைப்பேசியின் 3.5 மி.மீ. துளையில் மைக்குக்கு ஒரே ஒரு தடம்தான் உண்டு. எவ்வளவு நல்ல ஸ்டீரியோ மைக்கைச் செருகினாலும் இடம், வலம் பிரியாத மோனோதான் கிடைக்கும். நானும் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன்தான்.

அந்தப் பணத்துக்கு மைக்குடன் சேர்ந்த கையடக்க ரெக்கார்டரே மேல். ஜூம் எச்1என் கருவியில் இரண்டு மைக்குகள் 90 பாகைக் கோணத்தில் குறுக்காக இருக்கும். முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் பிடிக்கும். டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும். எதிரொலி இதமான கூடம் என்றால் அது அழகு. மின்விசிறி சுழலும் அறை என்றால் அதையும் சேர்த்துப் பாடவைக்கும். என் ஓட்டு முதலாவதற்கு.

வாங்கியதும் தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆலாபனையின் மெல்லிய இடங்களில் அறையின் இரைச்சல் பொங்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி எழும். பதிவுத் தரத்தை 24 பிட்டில் வைத்து, திரையில் தெரியும் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கையால் சரிசெய்யுங்கள். கருவியைப் பாடகருக்கு எதிரே, ஆறேழு அடி தள்ளி, தாங்கியில் நிறுத்துங்கள். மிருதங்கம் மிஞ்சினால் வயலின் பக்கம் ஓரடி நகர்த்திப் பாருங்கள். பாடகரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.