பாதை வெட்டின ஆக்களைக் கௌரவிக்கேக்க விடுற பிழையள்

போன வருசம் எங்கட பக்கம் களப்புக் கரையோட கிடந்த பத்தையை வெட்டி ஒரு நடைபாதை ஆக்கினவை, காலமை நடக்கிற சனம், குருவி பாக்க வாற பெடியள் எல்லாரும் இப்ப அதாலதான் போறவை. வேலை முடிய ஒரு விழாவும் வைச்சவை. மேடையில எட்டுப் பேருக்குப் பொன்னாடை, அதில ஒருத்தர்கூட அந்த ஈச்சம்பத்தைக்க கால் வைச்ச ஆள் இல்லை. ஆறு ஞாயிறு விடாமல் வந்து உழவாரத்தால புல்லுச் செருக்கின ஐயா கடைசி வரிசையில இருந்தவர், உள்ளங்கையில கொப்புளம் உடைஞ்சு தோல் உரிஞ்ச இடம் இன்னும் சிவப்பாக் கிடந்தது. எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை.

யோசனை சொன்னவரை மட்டும் தூக்கிப் பிடிக்கிறதுதான் எல்லா இடமும் நடக்கிற பிழை. அமெரிக்காவில அப்பலாச்சியன் ட்ரெயில் எண்டு 3,500 கிலோமீற்றர் அளவில ஒரு பாதை இருக்கு, 1921 இல அந்த யோசனையை எழுதி வைச்சவர் பென்டன் மக்காய், ஆனா தொண்டர்களைச் சேர்த்து, அளக்கிற சில்லை உருட்டிக்கொண்டு மலை மலையா நடந்து அதை 1937 இல முடிப்பிச்சவர் மைரன் ஏவரி. ரெண்டு பேருக்கும் இடையில பெரிய மனஸ்தாபம், எண்டாலும் ஒருத்தர் இல்லாட்டி அந்தப் பாதையே இல்லை.

எங்கட மலையகத்து பீக்கோ ட்ரெயிலும் அப்பிடித்தான், 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல, அதைத் திட்டமிட்ட மிகுவெல் குனாட்டைப் பாராட்டத்தான் வேணும். ஆனா அதில கனக்க இடம் பழைய தோட்டப் பாதையள், கொழுந்துக் கூடையோட தலைமுறை தலைமுறையா நடந்த எங்கட சனத்தின்ர கால் பட்ட மண், அதைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய குறை.

காணிக்காரரையும் மறந்துபோடுறம். வேலியைப் பிரிச்சு ஒரு அடி விட்டுத் தந்த மனுசனுக்கு ஒரு நன்றி சொல்ல என்ன கஷ்டம்?

இன்னொண்டு, திறப்பு விழாவோட கதை முடிஞ்செண்டு நினைக்கிறது. ஒரு மாரி போதும், கார்த்திகை மார்கழி மழைக்குப் பாதை இருந்த இடமே தெரியாது, திரும்பத் தை மாசம் கத்தியோட வாறவைதான் உண்மையா அதைக் காப்பாத்துற ஆக்கள், அவையின்ர பேரை வருசா வருசம் சொல்லுங்கோ.

கப்பும் பொன்னாடையும் அலுமாரிக்கத்தான் போகும். நல்ல கையுறை, புது உழவாரம், கொக்கச்சத்தகம் குடுத்துப் பாருங்கோ, முகம் மலரும். மேடை ஏற விரும்பாத ஆக்களை இழுத்து ஏத்தவும் வேண்டாம்.

பெரிய ஆக்களின்ர பேர் போட்ட கல்லும் தேவையில்லை. எங்கட பழைய ஆக்கள் பிள்ளைத்தாச்சியாச் செத்த பொம்பிளையை நினைச்சுத் தெருவோரம் சுமைதாங்கி கட்டினவை, தலைச்சுமையை இன்னொருத்தரின்ர உதவி இல்லாமல் இறக்கி வைக்கக்கூடிய உயரத்தில. பக்கத்தில கேணி, மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல். பருத்தித்துறைத் தெருமூடிமடம் இண்டைக்கும் தெருவுக்கு மேல நிழல் குடுத்துக்கொண்டு நிக்குது. நினைவெண்டால் நடக்கிறவனுக்கு உதவ வேணும், அதுதான் எங்கட முறை.

அதால நாங்கள் கொஞ்சப்பேர் காசு சேர்த்து ஒரு வாங்கு செய்விச்சு, எங்க வைக்கிறதெண்டு அந்த ஐயாவிட்டயே போய்க் கேட்டனாங்கள். களப்புத் திரும்புற முடக்கில, வேம்புக்குக் கீழ வையுங்கோ எண்டார், அதிலதான் எல்லாருக்கும் களைக்கும் எண்டு.