குடிவரவு ஆலோசகரின் ஆண்டுக் கல்வித் திட்டம்: ஐக்கிய இராச்சியத்தில் புதிதாகப் பதிவு பெற்றவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஐக்கிய இராச்சியத்தில் சட்டத்தரணி அல்லாத ஒருவர் குடிவரவு ஆலோசனை வழங்க வேண்டுமானால், 1999-ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றி ஆலோசனை வழங்குவது இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றமாகும். பதிவை மேற்பார்வை செய்யும் அமைப்பு 2025 ஜனவரி வரை குடிவரவுச் சேவைகள் ஆணையாளர் அலுவலகம் என்று அறியப்பட்டது. இப்போது அதன் பெயர் குடிவரவு ஆலோசனை ஆணையம். பதிவு கிடைத்த பிறகும் ஆலோசகர் தம் அறிவைத் தொடர்ந்து புதுப்பித்து வர வேண்டும் என்பது விதி. இத்தனை மணி நேரம் வகுப்பில் அமர வேண்டும் என்ற கணக்கு இதற்கு இல்லை. நீங்கள் செய்யும் வேலைக்குத் தேவையானதைக் கற்றீர்களா, அதை எழுத்தில் காட்ட முடியுமா என்பதே தணிக்கையில் பார்க்கப்படும். சட்டத்தரணிகளுக்கும் 2016 நவம்பர் முதல் ஆண்டுக்கு 16 மணி நேரம் என்ற பழைய விதி நீங்கி, இதே அணுகுமுறைதான் நடைமுறையில் உள்ளது. மணிக்கணக்கு இல்லாததால் வேலை எளிதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் என்ன கற்க வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பும் நம்மிடமே வந்து சேர்ந்துவிட்டது.

முதல் படி: உங்கள் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்

பதிவில் மூன்று நிலைகள் உள்ளன. முதல் நிலையில் அடிப்படை ஆலோசனையும் எளிய விண்ணப்பங்களும் அடங்கும். புகலிடக் கோரிக்கையை நடத்துவதற்குக் குறைந்தது இரண்டாம் நிலையும், தீர்ப்பாயத்தில் எழுந்து வாதாடுவதற்கு மூன்றாம் நிலையும் தேவை. உங்கள் நிலையையும், குடிவரவா புகலிடமா என்ற பிரிவையும் ஒரு தாளின் தலைப்பில் எழுதுங்கள். கற்றல் திட்டம் முதலில் அந்த எல்லைக்கு உட்பட்ட வேலையைத் தாங்க வேண்டும். மேல்நிலைக்குத் தயாராவது அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் படி: கோப்புகளிலிருந்து குறைகளைக் கண்டறியுங்கள்

புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் பயிற்சிப் பட்டியலைத் திறந்து, கவர்ச்சியான தலைப்பொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். கடந்த சில மாதங்களில் நீங்கள் கையாண்ட கோப்புகளை எடுத்து, எங்கே தயங்கினீர்கள், எதை மூத்தவரிடம் கேட்டீர்கள், எந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டது, அந்த மறுப்புக் கடிதத்தின் எந்தப் பத்தி உங்களுக்குப் புதிதாக இருந்தது என்று பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, இரண்டு இலங்கைத் தமிழர்களின் புகலிடக் கோப்புகள் உங்கள் மேசையில் இருக்கின்றன என்று கொள்வோம். ஒருவர் 2022 மே மாதத்தில் கோரிக்கை வைத்தவர். மற்றவர் அதே ஆண்டு ஜூலையில் வைத்தவர். இருவர் சொல்லும் வரலாறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் 2022-ஆம் ஆண்டின் குடியுரிமை, எல்லைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, ஜூன் 28 அன்றும் அதற்குப் பின்னும் வைக்கப்பட்ட கோரிக்கைகளுக்கு இரண்டு கட்டச் சோதனையைக் கொண்டுவந்தது. அச்சம் உண்மையில் இருக்கிறதா என்பது போன்ற முதற்கட்டக் கேள்விகள் 'பெரும்பாலும் உண்மை' என்ற உயர்ந்த அளவுகோலால் அளக்கப்படும்; திரும்பினால் துன்புறுத்தப்படுவாரா என்பது பழைய, குறைந்த அளவுகோலிலேயே நிற்கும். ஆகவே இரண்டாமவரின் வாக்குமூலத்தையும் சான்றுகளையும் கூடுதல் கவனத்துடன் அமைக்க வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டை உங்களால் உடனே விளக்க முடியாவிட்டால், உங்கள் திட்டத்தின் முதல் வரி கிடைத்துவிட்டது.

மூன்றாம் படி: திட்டத்தைக் குறிப்பாக எழுதுங்கள்

'புகலிடச் சட்டத்தில் அறிவை மேம்படுத்துவேன்' என்று எழுதினால் அது திட்டம் ஆகாது. '32-ஆம் பிரிவின் இரண்டு கட்டங்களையும் படித்து, வாக்குமூலம் தயாரிக்கும் என் கேள்வித்தாளை மார்ச் இறுதிக்குள் திருத்துவேன்' என்பது திட்டம். ஆண்டுக்கு நான்கைந்து வரிகள் போதும்.

நான்காம் படி: விதிமாற்றங்களைப் படிக்கும் முறையைப் பழகுங்கள்

குடிவரவு விதிகள் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும் மாற்ற அறிக்கைகளின் வழியாக ஆண்டுக்குப் பல முறை மாறுகின்றன. அரசின் இணையதளத்தில் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்துகொண்டால் ஒவ்வொன்றும் உங்களைத் தேடி வரும். அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க முயன்றால் பாதியில் களைத்துவிடுவீர்கள். முதலில் உடன் வரும் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். அடுத்து அறிக்கையின் தொடக்கத்தில் உள்ள நடைமுறைக்கு வரும் நாள் குறித்த பகுதிக்குச் செல்லுங்கள். அதன் பின்னரே உங்கள் கோப்புகளுக்கு உரிய பின்னிணைப்பைத் திறவுங்கள்.

நடைமுறைக்கு வரும் நாள் குறித்த அந்தப் பகுதியைத்தான் மிகுதியானோர் தாண்டிச் செல்கிறார்கள். 2009-இல் ஒடெலோலா வழக்கில், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, வேறு ஏற்பாடு சொல்லப்படாதபோது, விண்ணப்பித்த நாளின் விதிகள் அல்ல, முடிவெடுக்கும் நாளின் விதிகளே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. எனவே அந்த 'வேறு ஏற்பாடு' இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். 2024 ஏப்ரல் 11 அன்று வாழ்க்கைத்துணை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்ந்தது. செய்தித் தலைப்பை மட்டும் பார்த்தவர் எல்லோருக்கும் 29,000 என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த நாளுக்கு முன்பே நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்தாண்டுப் பாதையில் அனுமதி பெற்று, அதே துணையுடன் நீட்டிப்புக் கோருபவருக்குப் பழைய வருமான நிபந்தனையே தொடர்கிறது. ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் இந்த ஒரு வரியில் தங்கியிருக்கலாம்.

ஐந்தாம் படி: ஒரு தீர்ப்பை முழுமையாகப் படியுங்கள்

தீர்ப்புச் சுருக்கங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவை பயனுள்ளவைதான், எனினும் ஆண்டுக்கு ஒரு முக்கியத் தீர்ப்பையாவது முழுமையாகப் படித்தவருக்கே சுருக்கம் எதை விட்டுவிட்டது என்பது புரியும். தமிழ்க் கட்சிக்காரர்களுடன் வேலை செய்பவர் மேல் தீர்ப்பாயத்தின் நாட்டு வழிகாட்டித் தீர்ப்புகளில், அதாவது ஒரு நாட்டின் நிலைமை குறித்துப் பின்வரும் வழக்குகளுக்கு வழிகாட்டும் தீர்ப்புகளில் தொடங்கலாம்: 2013-இல் வந்த ஜிஜே வழக்கு, பின்னர் 2021-இல் வந்த கேகே, ஆர்எஸ் வழக்கு. பின்னது முன்னதைத் தூக்கி எறியவில்லை, அதைத் தெளிவுபடுத்தியது. புலம்பெயர் நாட்டில் ஒருவர் தமிழ்ப் பிரிவினைவாதத்தில் குறிப்பிடத்தக்க பங்கு வகித்தவராகக் கொழும்பு அரசால் கருதப்படுவாரா என்பதை, அவர் சார்ந்த அமைப்பின் தன்மை, செயல்பாட்டின் வகை, அளவு, காலம், இலங்கையில் அவருக்குள்ள பின்னணி, குடும்பத் தொடர்பு ஆகியவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, நடப்பில் உள்ள ஒரு கோப்பை அதன் எதிரே வைத்துப் பாருங்கள். ஆர்ப்பாட்டப் புகைப்படங்கள் ஐம்பது இருக்கும். ஆனால் எந்த அமைப்பில், என்ன பொறுப்பில், எத்தனை காலம் என்ற வரிகள் காலியாக இருக்கும். அந்தக் காலி இடங்கள்தான் கட்சிக்காரரிடம் அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆறாம் படி: பயிற்சி வகுப்பு

1984-இல் தொடங்கப்பட்ட குடிவரவுச் சட்டத் தொழில்புரிவோர் சங்கம் போன்ற அமைப்புகள் தொடர்ந்து வகுப்புகள் நடத்துகின்றன. கட்டணம் செலுத்துமுன், திட்டத்தின் எந்த வரிக்கு இந்த வகுப்பு விடை தரும் என்று கேளுங்கள். விடை இல்லையெனில், சான்றிதழுக்காக மட்டும் போக வேண்டாம்.

ஏழாம் படி: அன்றன்றே பதிவு செய்யுங்கள்

பதிவேட்டில் நாள், எதைக் கற்றீர்கள், ஏன், அதனால் வேலையில் என்ன மாறியது என்ற நான்கு விவரங்கள் இருக்கட்டும். நான்காவதுதான் முக்கியம், தணிக்கையாளர் அதையே தேடுவார் என்பது என் கருத்து. 'கேகே, ஆர்எஸ் தீர்ப்பைப் படித்தேன். செயல்பாட்டாளர்களுக்கான கேள்வித்தாளில் அமைப்பு, பொறுப்பு, காலம் என்ற மூன்று பகுதிகளைச் சேர்த்தேன்' என்ற ஒரு வாக்கியம் போதுமானது. கட்சிக்காரரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டும் விவரத்தையோ இதில் எழுதக் கூடாது. கோப்பு எண்ணைக் குறித்தால் போதும்.

பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பாகத் திட்டத்தையும் பதிவேட்டையும் அருகருகே வைத்து, நிறைவேறாத வரிகளை அடுத்த ஆண்டுக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றிய வரியைச் சார்ந்த கோப்பு ஏதேனும் இப்போது கையில் இருந்தால், மேற்பார்வையாளரிடம் அன்றே தெரிவியுங்கள். அது உங்கள் நிலைக்கு மேற்பட்டது என்றால், உரிய தகுதியுள்ளவரிடம் கோப்பை ஒப்படைத்து, அதைக் கட்சிக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.