‘சொந்த ஊரு எது தம்பி?’

என் வீட்டுக்காரர் அமெரிக்காவில் அட்லாண்டாவில் பிறந்த கறுப்பினத்தவர், நான் மதுரைத் தல்லாகுளம். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 13, நான்கு வருடமாக மதுரையில்தான் இருக்கிறோம். ‘கலப்பினம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பசுமாடுதான் ஞாபகம் வரும், அதனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்றே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்றால், நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது இதோ.

முதலில் நிறத்தைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசுங்கள். ‘நாங்க அதெல்லாம் பார்க்கிறதில்ல’ என்று பெருமையடித்துக்கொண்டு நான் பல வருடம் பேசாமலே இருந்தேன், ஊர் சும்மா இருந்ததா என்ன? ‘வெயில்ல ஆடாத, இன்னும் கறுத்துருவ’, ‘அக்கா மாதிரி நீயும் கொஞ்சம் கலரா பிறந்திருக்கலாம்’ என்று விசேஷ வீட்டுப் பந்தியில் வைத்தே அத்தை ஒருத்தர் சொல்வார். அங்கேயே, பையன் காதில் விழும்படி, ‘அத்தை, அது அவங்கப்பா நிறம், எனக்கு ரொம்பப் பிடிச்ச நிறம்’ என்று சொல்லிவிடுங்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அத்தை ஒருவேளை திருந்துவார், ஆனால் அம்மா வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள் என்பதுதான் பிள்ளை மனதில் நிற்கும். ‘நீக்ரோ’ என்று சொல்கிறவர்களிடமும் அப்படியே. நம் ஆட்கள் பலர் அதை வசவாக நினைத்துச் சொல்வதில்லை, இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

தலைமுடியில்தான் நான் ரொம்பச் சொதப்பினேன். மகளுக்கு அப்பா முடி, நெருக்கமான சுருள். என் அம்மா தேங்காய் எண்ணெயை அப்பி, காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பைப் போட்டு இழுப்பார், அவள் அழுவாள், ‘என்ன முடிடி இது’ என்று அம்மா சலித்துக்கொள்வார். வாரத்துக்கு நான்கு தடவை அதைக் கேட்கிற பெண் கண்ணாடியில் எதைப் பார்ப்பாள்? முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, நான்கு பாகமாகப் பிரித்து, பல் அகலமான சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே வர வேண்டும். மாமியார் வீடியோ காலில் செய்து காட்ட, அம்மா மோடாவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இப்போது சித்திரைத் திருவிழாவுக்குச் சின்னச் சின்னச் சடையாகப் பின்னி மல்லிகையைச் சுற்றிவிடுவது அவர்தான், என்னைத் தொடவே விடுவதில்லை.

இருக்கிற ஊரின் பக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். இல்லாத ஊரின் பக்கத்தைத்தான் மெனக்கெட்டு ஊட்ட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கல்யாணம் செய்துகொள்வது குற்றமாக இருந்ததையும், 1967-ல் லவ்விங் என்ற தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை ரத்து செய்ததையும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில் தன் வீட்டுக் கதையாகவே சொல்வார். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க 2000-ல்தான் இடம் கொடுத்தார்கள் என்றதும் மகன், ‘அப்ப அதுக்கு முன்னாடி என்னை மாதிரி ஆளுங்க?’ என்றான். அங்கே ஒரு கறுப்பினப் பையனின் வண்டியைப் போலீஸ் நிறுத்தினால், சந்தேகப்படாதபடி கை எங்கே இருக்க வேண்டும் என்பதை அவனுக்கு நான் சொல்லித்தர முடியாது, அப்பாதான் முடியும். கமலா ஹாரிஸின் அப்பா ஜமைக்காவில் பிறந்த கறுப்பினத்தவர், அம்மா சியாமளா நம் தமிழ்ப் பெண்தான். அமெரிக்கா தன் மகள்களைக் கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்து அப்படியே தைரியமாக வளர்த்தார், சென்னைக்குத் தாத்தா வீட்டுக்கும் கூட்டிவந்தார். இரண்டையும் செய்யலாம் என்று எனக்கு அதில்தான் உறைத்தது.

அப்புறம், பிள்ளை தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறதோ அதைத் திருத்தாதீர்கள். ஒரே வீட்டில் மகள் ‘நான் பிளாக்’ என்கிறாள், மகன் ‘நான் மதுரை’ என்கிறான், அடுத்த வருடம் மாற்றிச் சொல்லலாம். போன வாரம் ஆட்டோவில் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

‘சொந்த ஊரு எது தம்பி?’

‘தல்லாகுளம்ணே.’

‘அதில்லப்பா, அப்பா ஊரு?’

‘அட்லாண்டா.’

பதில் சொல்ல வாயெடுத்த நான் அடக்கிக்கொண்டேன். கோரிப்பாளையம் சிக்னல் வரை யோசித்துவிட்டு அவர் திரும்பினார்: ‘தல்லாகுளத்துல எந்தத் தெரு?’