ஓய்வுக்குப் பிறகு ஒரு காப்பக நாய்

மணி வீட்டுக்கு வந்தபோது எனக்கு 61 வயது, அவனுக்கு 6. குட்டியாகப் பார்த்து எடுக்கலாம் என்றுதான் காப்பகத்துக்குப் போனேன். நல்லவேளை, மனம் மாறியது. குட்டி ராத்திரியில் எழுப்பும், கண்டதைக் கடிக்கும், நாம் 75-ஐ நெருங்கும்போதும் அது உயிரோடிருக்கலாம். வளர்ந்த நாயென்றால் உருவம், குணம், பலம் எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

பார்த்ததும் முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் போய், வாரை நீங்களே பிடித்து அரை மணி நேரம் நடந்து பாருங்கள். அது திடீரென்று இழுத்தால் கால் ஊன்றி நிற்க முடிகிறதா? முடியாவிட்டால், மனதுக்கு எவ்வளவு பிடித்தாலும் அந்த நாய் வேண்டாம். இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துபோகலாம். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. வாரை மணிக்கட்டில் சுற்றவே கூடாது.

கூட்டி வருமுன் ஒரு வேலை இருக்கிறது. நமக்கு முடியாமல் போனால் அதை யார் வைத்துக்கொள்வார்கள்? என் தங்கை மகனிடம் நேரடியாகக் கேட்டு, சம்மதம் வாங்கினேன். மருத்துவர் எண், சாப்பாட்டு அளவு, தடுப்பூசி தேதிகள் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

முதல் மூன்று நாள் மணி கட்டிலடியை விட்டு வரவில்லை. சாப்பாட்டையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டு, முக்காலியில் அவனுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பேப்பரை மெதுவாக வாசிப்பேன். கையை உள்ளே நீட்டவில்லை, கண்ணை உற்றுப் பார்க்கவும் இல்லை. நாலாம் நாள் ராத்திரி, குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது. அவன் மூக்கு. நான் அசையவே இல்லை. தூக்கம் வராத நேரத்தில் நாய் கொட்டாவி விட்டாலோ உதட்டை நக்கினாலோ பயந்திருக்கலாம். உறுமினால் அதட்டாமல் விலகிக்கொள்ளுங்கள். அதட்டி உறுமலை அடக்கிவிட்டால், அப்புறம் எச்சரிக்காமலே கடிக்கலாம்.

நான் செய்யத் தவறியது ஒன்று உண்டு. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்ததால் தனியாக இருக்க அவனைப் பழக்கவில்லை. கண் ஆபரேஷனுக்குப் போன அன்று, கதவைப் பிராண்டிப் பிராண்டி நகம் பிய்ந்து ரத்தம். இன்னும் மனதை அறுக்கிறது. முதல் வாரத்திலிருந்தே ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என்று வெளியே போய் வாருங்கள்.

மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். நாம் வலிக்குப் போடும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். நாய்க்குப் போடவேண்டிய ரேபிஸ் (வெறிநோய்) ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். உங்களைக் கடித்துவிட்டால், சின்னக் கீறலென்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், படுக்கையறையில் ஒரு சின்ன விளக்கு. மணி இப்போது என் கட்டிலை ஒட்டித்தான் படுக்கிறான். ராத்திரி எழுந்தால் முதலில் கையால் தடவி அவன் முதுகு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் காலைக் கீழே வைக்கிறேன்.