சாட்ஸ்வொர்த் வீட்டின் பின்னால் ஓர் அறை: பிளான் பாஸ் ஆவதற்கு

சாட்ஸ்வொர்த் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். நகராட்சி எழுத்தில் ஒப்புதல் தராமல் கட்டக் கூடாது என்பது அந்நாட்டின் 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டடச் சட்டம். அதனால் செங்கல் லாரிக்கு இப்போதே சொல்லிவிடாதீர்கள்.

1. வீட்டுப் பத்திரமும் முன்பு பாஸான பிளானின் நகலும் எடுங்கள். பழைய சொந்தக்காரர் பிளான் இல்லாமல் இழுத்துக் கட்டிய பகுதி இருந்தால் அதையும் சேர்த்தே வரையச் சொல்லுங்கள்.

2. வரைபவர் சாகாப்பில் (SACAP, கட்டடக் கலைஞர்களைப் பதிவுசெய்யும் மன்றம்) பதிவானவராக இருக்கட்டும். கம்ப்யூட்டரில் படம் போடத் தெரிந்த மருமகன் போதாது. பிளானில் தீட்ட வேண்டிய நிறங்கள்: புதிய செங்கல் வேலை சிவப்பு, கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், ஏற்கெனவே இருப்பது சாம்பல். அறை 4 × 5 மீட்டர் என்றால் தரை 20 சதுர மீட்டர். அதில் 10% வெளிச்சத்துக்கு, அதாவது 2 சதுர மீட்டர் ஜன்னல். காற்றுக்கு 5%, ஆகவே 1 சதுர மீட்டராவது திறக்க வேண்டும். திறக்காத பெரிய கண்ணாடி ஒன்றைப் பதித்துவிட்டு இரண்டுக்கும் கணக்குக் காட்ட முடியாது.

3. பலர் சறுக்கும் இடம் வீட்டின் வயது. 60 ஆண்டு தாண்டிய கட்டடத்தில் கைவைக்க, 1999ஆம் ஆண்டின் மரபுவளச் சட்டம் 34ஆம் பிரிவின்படி தனி அனுமதி வேண்டும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அதைத் தருவது அமாஃபா என்ற மரபுவள அமைப்பு. பாரம்பரியம் என்றால் கோயிலும் மாளிகையும்தானே என்று நினைப்பார்கள். சட்டம் பார்ப்பது வயதை. சாட்ஸ்வொர்த்தில் 1960களின் நடுவில் எழுந்த கவுன்சில் வீடுகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. பழைய சுவரை உடைத்துக் கதவு வைத்து ஒட்டிக் கட்டுவது மாற்றம்தான். பழைய பிளானின் முத்திரைத் தேதியை முதலில் பாருங்கள்.

4. கட்டடம் 500 சதுர மீட்டருக்குள் என்றால் முடிவு சொல்ல நகராட்சிக்கு 30 நாள். ஆனால் எல்லாக் காகிதமும் சேர்ந்த பிறகே அந்த நாள் ஓடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் குறையை மட்டும் திருத்தி ஓராண்டுக்குள் கொடுத்தால் மறுபடி கட்டணம் இல்லை. பாஸான பிளானும் 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதி.

5. தொடங்க 4 வேலைநாள் முன்பும், அஸ்திவாரக் குழியைக் காட்ட 2 வேலைநாள் முன்பும் அறிவிப்புக் கொடுங்கள். இன்ஸ்பெக்டர் பார்க்கும் முன் கான்கிரீட் ஊற்றினால் தோண்டிக் காட்டச் சொல்லலாம். முடிந்ததும் குடிபுகும் சான்றிதழுக்கு எழுதுங்கள். அதற்குப் பதில் தர நகராட்சிக்கு 14 நாள்.

பின்சேர்க்கை: பக்கம் திறந்த கார் கொட்டகை 40 சதுர மீட்டருக்குள் என்றால் சிறுவேலை. முழு பிளான் தேவைப்படாமல் போகலாம். கட்டட அதிகாரியின் அனுமதி அதற்கும் வேண்டும்.